கோடைகால ஓப்பன் சோர்ஸ் திட்டங்கள்: சென்னை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கூகுள் சம்மர் ஆஃப் கோட், அவுட்ரீச்சி, எல்எஃப்எக்ஸ் மென்டர்ஷிப் ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்க நினைக்கும் கல்லூரி மாணவர்களுக்காக எழுதியது. இங்கே தந்திருக்கும் தொகைகளும் தேதிகளும் 2025 வரையிலானவை. ஆண்டுதோறும் சில நாட்கள் முன்பின் ஆகும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அந்தந்தத் திட்டத்தின் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டங்களில் என்னதான் நடக்கிறது?

ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு ஓப்பன் சோர்ஸ் (யாரும் கோடைப் படித்து மாற்றக்கூடிய) மென்பொருளில் ஒரு குறிப்பிட்ட வேலையை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த மென்பொருளை உருவாக்குபவர்களில் ஓரிருவர் உங்களுக்கு மென்டராக, அதாவது வழிகாட்டியாக, இருப்பார்கள். சில மாதங்கள் வீட்டிலிருந்தோ ஹாஸ்டலிலிருந்தோ வேலை செய்கிறீர்கள். முடித்தால் உதவித்தொகை. வகுப்பு, பாடத்திட்டம் எதுவும் கிடையாது. எல்லாருக்கும் தெரிந்தது கூகுள் சம்மர் ஆஃப் கோட், 2005-இல் தொடங்கியது. கூகுள் பணம் தருகிறதே தவிர, வேலை நடப்பது கூகுளில் இல்லை. உங்களைத் தேர்ந்தெடுப்பவர்களும் கூகுள்காரர்கள் இல்லை. அந்தந்த மென்பொருள் அமைப்பின் மென்டர்கள்தான்.

எனக்கு எது பொருந்தும்?

18 வயது நிறைந்து, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர் என்றால் சம்மர் ஆஃப் கோட். 2022 முதல் மாணவராக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. படிப்பை முடித்தவர்களும் விண்ணப்பிக்கலாம். வாழ்நாளில் இரண்டு முறை வரை பங்கேற்கலாம்.

தொழில்நுட்பத் துறையில் தங்கள் நாட்டில் போதிய இடம் கிடைக்காத, பாகுபாட்டைச் சந்திக்கும் பிரிவினருக்கானது அவுட்ரீச்சி. ஆண்டுக்கு இரண்டு சுற்று. நம் ஊர்க் கல்லூரி மாணவர்களுக்கு ஒத்துவருவது மே மாதம் தொடங்கும் சுற்று. மொத்தத் தொகை 7,000 டாலர், எந்த நாடாக இருந்தாலும் அதேதான். இதில் பலர் கவனிக்காத விதி ஒன்று உண்டு. சம்மர் ஆஃப் கோடில் ஒருமுறை தேர்வாகிவிட்டால் அவுட்ரீச்சிக்கு விண்ணப்பிக்க முடியாது. ஆனால் அவுட்ரீச்சி முடித்துவிட்டு சம்மர் ஆஃப் கோடுக்குப் போகலாம். இரண்டுக்கும் தகுதி உள்ளவர்கள் எதை முதலில் செய்வது என்பதை இதை வைத்து முடிவு செய்யட்டும்.

லினக்ஸ் ஃபவுண்டேஷனின் எல்எஃப்எக்ஸ் ஆண்டுக்கு மூன்று சுற்று நடக்கும்: மார்ச், ஜூன், செப்டம்பர் தொடக்கங்கள். குபர்நெட்டிஸ், பிராமிதியஸ் போன்ற கிளவுட் மென்பொருள்களில் ஆர்வமிருந்தால் இதுதான் வழி. லினக்ஸ் டெஸ்க்டாப் உருவாக்கும் கேடிஇ அமைப்பின் சீசன் ஆஃப் கேடிஇ-யில் பணம் கிடையாது. ஆனால் பெரிய கூட்டம் இல்லாத இடத்தில் கை பழக அது நல்லது.

ஏழாவது செமஸ்டரில் 2 அரியர் இருக்கிறது. மெக்கானிக்கல் படிக்கிறேன். வாய்ப்பு உண்டா?

உண்டு. சிஜிபிஏ-வையோ அரியரையோ விண்ணப்பத்தில் யாரும் கேட்பதில்லை. கல்லூரி கிண்டியிலா, திருவள்ளூர் தாண்டியா என்பதும் பொருட்டல்ல. லீட்கோட் என்ற நிரல் பயிற்சித் தளத்தில் எத்தனை கணக்கு போட்டீர்கள் என்பதற்கும் இங்கே மதிப்பில்லை. மெக்கானிக்கல் மாணவருக்கு ஃப்ரீகேட் போன்ற கேட் (கணினியில் பொறியியல் வடிவமைப்பு செய்யும்) மென்பொருளில், கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவருக்கு இல்லாத ஒரு பலம்கூட உண்டு. அந்த மென்பொருள் எதற்கு என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தடையாக வருவது வயதுதான். பதிவு செய்யும்போது 18 நிறைந்திருக்க வேண்டும். முதலாமாண்டு மாணவர்களில் பலருக்கு ஏப்ரலில் 17 தான் ஆகியிருக்கும். அவர்கள் அந்த ஆண்டை பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) அனுப்பிப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம்.

எப்போது தொடங்க வேண்டும்?

2025-இல் சம்மர் ஆஃப் கோட் எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். அமைப்புகளின் பட்டியல் பிப்ரவரி 27-இல் வந்தது. ப்ரபோசல் (என்ன வேலை, எப்படிச் செய்வேன் என்று எழுதும் விண்ணப்பம்) அனுப்பும் காலம் மார்ச் 24 முதல் ஏப்ரல் 8 வரை. முடிவு மே 8. வேலை தொடங்கியது ஜூன் 2. பட்டியல் வந்த பிறகு தொடங்கினால் கையில் இருப்பது ஆறு வாரம்; அதிலும் இன்டர்னல் தேர்வு ஒன்று, சிம்போசியம் ஒன்று, மாடல் லேப் ஒன்று போய்விடும்.

எனவே நவம்பர்-டிசம்பர் செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு தொடங்குங்கள். பட்டியல் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன், கேடிஇ, டெபியன் போன்றவை பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருபவை; பழைய பட்டியல்கள் எல்லாம் பொதுவில் கிடைக்கின்றன. பொங்கல் விடுமுறைக்குள் ஒரு பேட்ச் உள்ளே போயிருந்தால் நீங்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள்.

எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது?

நட்சத்திரம் அதிகம் வாங்கிய ரெப்போவை (மென்பொருளின் கோடு வைத்திருக்கும் இடம்) நோக்கி ஓடாதீர்கள். பார்க்க வேண்டியது வேறு. கடந்த ஒரு மாதத்தில் புதியவர்கள் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டுகளுக்கு (தங்கள் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) எத்தனை நாளில் பதில் வந்திருக்கிறது? பதில் சொல்பவர்கள் இரண்டு மூன்று பேராவது இருக்கிறார்களா, ஒரே ஆள்தானா? போன ஆண்டு தேர்வானவரின் வேலை உண்மையில் மெர்ஜ் ஆகி மென்பொருளில் சேர்ந்திருக்கிறதா? இந்த மூன்றையும் ரெப்போவிலேயே அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம்.

ஜாவாஸ்கிரிப்ட் வெப் திட்டங்களில் ஜனவரி பிறந்தால் திருவிழாக் கூட்டம். ‘புதியவர்களுக்கானது’ என்று குறியிட்ட இஷ்யூ (செய்ய வேண்டிய வேலை அல்லது பிழை பற்றிய பதிவு) ஒன்று திறந்த அரை மணி நேரத்தில் பத்துப் பேர் ‘எனக்கு ஒதுக்குங்கள்’ என்று எழுதியிருப்பார்கள். கம்பைலர், வானியல் மென்பொருள், எழுத்துரு, வரைபடம், எம்பெடட் பக்கம் போனால் மூச்சு விட இடம் இருக்கும். பாடம் கடினம்தான், போட்டி குறைவு. எங்கள் கருத்து: சி++ ஓரளவு தெரிந்த மாணவர் ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கூட்டத்தில் நிற்பது வீண்.

மூன்று ப்ரபோசல் வரை அனுப்பலாம். ஆனால் ஒரே அமைப்பில் ஆழமாக இறங்குவதுதான் பலன் தரும். இரண்டாவதை வைத்துக்கொள்வதில் தவறில்லை. மூன்றாவது பெரும்பாலும் அவசரத்தில் எழுதியதாகவே இருக்கும், படிப்பவருக்கும் அது தெரிந்துவிடும்.

என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம்தான். போதுமா?

பைத்தான், வெப், ரஸ்ட் திட்டங்கள் பலவற்றுக்குப் போதும். எல்எல்விஎம், லிப்ரேஆஃபீஸ், குரோமியம் போன்றவற்றில் சிக்கல் வரும். எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பை டீபக் முறையில் பில்ட் செய்தால் (கோடை ஓடும் நிரலாக்கினால்) கம்பைல் வரை ஒழுங்காகப் போகும். கம்பைலான துண்டுகளை இணைக்கும் லிங்க் கட்டத்தில் ஒரே நேரத்தில் நாலைந்து லிங்க்கர்கள் ஓடி ரேமைத் தின்றுவிடும். மெஷின் உறைந்துபோகும், அல்லது கர்னலே (இயங்குதளத்தின் மையப் பகுதி) பில்டைக் கொன்றுவிடும். ரிலீஸ் முறையில் பில்ட் செய்யுங்கள். ஒரே நேரத்தில் ஓடும் லிங்க் வேலைகளை 1 என்று கட்டுப்படுத்துங்கள். எல்எல்டி லிங்க்கரைப் பயன்படுத்துங்கள். முந்தைய கம்பைலைச் சேமித்து வைக்கும் சிகேஷ் கருவியைப் போட்டுக்கொண்டால் இரண்டாவது பில்டின் நேரம் வெகுவாகக் குறையும். ஸ்வாப் (ரேம் போதாதபோது டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) 8 ஜிபியாவது வையுங்கள். ரெப்போவை முழு வரலாற்றோடு இறக்காமல் ஆழம் குறைத்து க்ளோன் செய்தால் மொபைல் டேட்டா மிஞ்சும்.

முதல் புல் ரிக்வெஸ்ட்டில் எங்கே சொதப்புகிறார்கள்?

கோடில் இல்லை, அதைச் சுற்றியுள்ள விஷயங்களில்தான்.

நாலு வரி மாற்றத்துக்கு 600 வரி டிஃப் (மாறிய வரிகளின் பட்டியல்) வரும். காரணம், எடிட்டரில் சேவ் செய்யும்போதே கோப்பு முழுவதையும் ஃபார்மேட் செய்யும் வசதி ஓடிக்கொண்டிருக்கும். அல்லது விண்டோஸின் வரிமுடிவுக் குறி புகுந்து, மாறாத வரிகளும் மாறியதாகக் காட்டும். அனுப்பும் முன் டிஃப்பை நீங்களே ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். நீங்கள் தொடாத வரி ஒன்று அதில் தெரிந்தால் அனுப்பாதீர்கள்.

அடுத்தது, ஃபோர்க்கின் (ரெப்போவின் உங்கள் சொந்த நகல்) மெயின் பிராஞ்சிலேயே, அதாவது முதன்மைக் கிளையிலேயே, வேலை செய்வது. முதல் புல் ரிக்வெஸ்ட் ரிவ்யூவில் காத்திருக்கும்போது இரண்டாவதைத் திறந்தால், முதலாவதின் கமிட்டுகளும் (பதிவு செய்த மாற்றங்கள்) அதில் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு இஷ்யூவுக்கும் தனி பிராஞ்ச் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

டிசிஓ (இந்தக் கோடைத் தர எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி) என்ற சோதனை சிவப்பில் நிற்பதும் அடிக்கடி நடப்பதுதான், குறிப்பாக கிளவுட் திட்டங்களில். ஒவ்வொரு கமிட்டின் அடியிலும் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று உங்கள் பெயரும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும். கமிட் செய்தவரின் பெயரும் மின்னஞ்சலும் அதோடு பொருந்த வேண்டும். கல்லூரி லேபில் உட்கார்ந்து கமிட் செய்தால், அந்த மெஷினின் கிட் அமைப்பில் முந்தைய ஆண்டு சீனியரின் பெயர் இருக்கும். நீங்கள் உங்கள் பெயரில் கையெழுத்திட, கமிட் அவர் பெயரில் போய் நிற்கும். முதலில் பெயரையும் மின்னஞ்சலையும் அந்த ரெப்போவுக்கு மட்டும் மாற்றுங்கள். பிறகு கமிட்டை அமெண்ட் செய்து, ஆத்தரை ரீசெட் செய்து, சைன்-ஆஃப் சேர்த்து, அதே பிராஞ்சில் ஃபோர்ஸ் புஷ் செய்யுங்கள். புல் ரிக்வெஸ்ட்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டாம். ரிவ்யூ செய்தவர் எழுதியதெல்லாம் பழையதில் தங்கிவிடும்.

ரீட்மீயில் எழுத்துப்பிழை திருத்துவதை யாரும் பங்களிப்பாக எண்ணுவதில்லை. பங்களிப்புக்குப் பரிசு தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் 2020-இல் டி-ஷர்ட்டுக்காக இப்படிப் பேட்ச் குவிந்ததில், விருப்பம் தெரிவித்த ரெப்போக்களை மட்டுமே சேர்ப்பது என்று விதியையே மாற்ற வேண்டிவந்தது. அந்தக் கசப்பு மென்டர்கள் மனதில் இன்னும் இருக்கிறது. ஒரு பக்கை (கோடில் உள்ள பிழையை) திரும்ப நிகழ்த்திக் காட்டி, அதற்கு ஒரு டெஸ்ட் எழுதி, பிறகு திருத்துங்கள். டெஸ்ட் உள்ள சின்னப் பேட்ச், டெஸ்ட் இல்லாத பெரிய பேட்ச்சைவிட வேகமாக உள்ளே போகும்.

மென்டரிடம் எப்படிப் பேசுவது? பதிலே வருவதில்லையே.

‘ரெஸ்பெக்டட் சார், நான் மூன்றாமாண்டு மாணவன், உங்கள் திட்டத்தில் மிகுந்த ஆர்வம், தயவுசெய்து வழிகாட்டவும்.’ இப்படி ஒரு தனிச்செய்தி போகும். மார்ச் மாதம் ஒரு மென்டருக்கு இதுபோல வரிசையாக வரும். இதற்கு என்ன பதில் எழுதுவது என்று அவருக்கே தெரியாது, ஏனென்றால் இதில் கேள்வி இல்லை.

பொதுச் சேனலில் கேளுங்கள். ஜூலிப், மேட்ரிக்ஸ், மெயிலிங் லிஸ்ட் என அமைப்பு எதைப் பயன்படுத்துகிறதோ அதில். நீங்கள் செய்ய நினைத்தது என்ன, கொடுத்த கட்டளை என்ன, வந்த பிழைச்செய்தி என்ன (ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாக ஒட்டுங்கள்), இதற்குள் என்னென்ன முயன்று பார்த்தீர்கள் என்று எழுதினால் மென்டர் இல்லாவிட்டாலும் வேறு யாராவது பதில் சொல்வார்கள். சார், மேடம் வேண்டாம். முதல் பெயர் சொல்லி அழைப்பதுதான் அங்கே மரியாதை. நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கும், பழகிவிடும்.

நேரத்தையும் கணக்கில் வையுங்கள். கோடையில் பெர்லினில் காலை 9 மணி என்றால் நமக்குப் பகல் 12:30. கலிஃபோர்னியாவில் காலை 9 என்றால் இரவு 9:30. காலையில் கேட்டுவிட்டு மதியம் ‘எனி அப்டேட்?’ என்றால் அவர் இன்னும் தூக்கத்தில் இருக்கிறார். மூன்று நான்கு வேலை நாள் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம்.

ஆங்கிலம் சரளமாக வராது.

பேசுவதைவிட எழுதுவதே அதிகம். சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதினால் போதும். மென்டர்களில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி இல்லை. வீடியோ கால் வந்தால், பேச வேண்டிய நான்கு குறிப்பை முன்பே சாட்டில் அனுப்பிவிடுங்கள். பேச்சு தடுமாறினாலும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும்.

ப்ரபோசலில் என்ன இருக்க வேண்டும்?

அமைப்பு தரும் படிவம் இருந்தால் அதை அப்படியே பின்பற்றுங்கள். இல்லையென்றால்: பிரச்சினை என்ன, இப்போது அந்த மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது, நீங்கள் எந்தக் கோப்பில் எந்தப் பகுதியை மாற்றப்போகிறீர்கள், எது முடிந்தால் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம், வாரவாரியான அட்டவணை, இதுவரை அனுப்பிய பேட்ச்களின் இணைப்புகள். உங்களைப் பற்றிய பகுதி அரைப்பக்கம் போதும். பத்தாம் வகுப்பு மதிப்பெண், என்பிடெல் சான்றிதழ் எல்லாம் வேண்டாம்.

மென்டர் முதலில் பார்ப்பது அட்டவணையைத்தான் என்பது எங்கள் கணிப்பு. ‘வாரம் 1-2: கோட்பேஸைப் புரிந்துகொள்ளுதல், வாரம் 3-6: செயல்படுத்துதல், வாரம் 7-8: டெஸ்டிங்’ என்று எழுதினால், இவர் இன்னும் கோட்பேஸைத் திறந்து பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். ‘வாரம் 3: பார்ஸர் இப்போது நெஸ்டட் டேபிளைத் தவறவிடுகிறது, அதற்கான டெஸ்ட்டும் திருத்தமும், வார இறுதியில் புல் ரிக்வெஸ்ட்’ என்பது வேறு ரகம். டெஸ்டிங்கையும் டாக்குமென்டேஷனையும் கடைசி வாரங்களுக்குத் தள்ளாதீர்கள். ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டோடும் அவை போக வேண்டும். ரிவ்யூவுக்கென்று இடைவெளி விடுங்கள், மென்டருக்கும் விடுமுறை உண்டு. ஐரோப்பியர்கள் ஆகஸ்டில் இரண்டு மூன்று வாரம் காணாமல் போவது சகஜம்.

வரைவைக் கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்பாவது மென்டரிடம் காட்டுங்கள். கடைசி நேரம் 18:00 யுடிசி, அதாவது நம் நேரம் இரவு 11:30. தளத்தில் ஏற்ற வேண்டியது பிடிஎஃப். முந்தைய வரைவு ஒன்றை இரண்டு நாள் முன்பே ஏற்றி வையுங்கள். கடைசி நேரம் வரை மாற்றிக்கொள்ளலாம். இரவு 11:20-க்குக் கரண்ட் போனாலும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கும்.

ஏஐ வைத்து எழுதலாமா?

அமைப்பின் விதியை முதலில் படியுங்கள். ஜென்டூ என்ற லினக்ஸ் இயங்குதளம் 2024-இல் ஏஐ எழுதிய பங்களிப்புகளைத் தடை செய்தது, நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளமும் அதே ஆண்டில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அவுட்ரீச்சி தன் கட்டுரைக் கேள்விகளுக்கு ஏஐ பதிலை ஏற்பதில்லை. மற்ற இடங்களில் இலக்கணம் திருத்திக்கொள்வதை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். ப்ரபோசலையே அதனிடம் எழுதச் சொன்னால், அந்த ரெப்போவில் இல்லாத ஃபங்ஷனின் பெயர் ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். அதை மென்டர் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார், அவர் எழுதிய கோடு அல்லவா. ரிவ்யூவில் ‘இந்த வரி எதற்கு?’ என்று கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும். அளவுகோல் அவ்வளவுதான்.

செமஸ்டர் தேர்வும் ஃபைனல் இயர் ப்ராஜெக்டும் இடிக்குமே?

இடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்மர் ஆஃப் கோடில் மூன்று அளவு: சுமார் 90, 175, 350 மணி நேரம். 12 வாரத்தில் 175 மணி என்றால் வாரத்துக்கு 15 மணி. 350 என்றால் 29 மணி. வேலைக்காலத்தை மென்டரின் ஒப்புதலோடு 22 வாரம் வரை நீட்டலாம். அப்போது 350 மணியும் வாரத்துக்கு 16 ஆகிவிடும். ஜூலையில் அடுத்த செமஸ்டர் தொடங்கினால், கிழக்குத் தாம்பரத்திலிருந்து கல்லூரி பஸ்ஸில் தினம் மூன்று மணி நேரம் போகிறவர் வாரம் 29 மணி தருவேன் என்று எழுதுவது நடக்காத காரியம்.

ஏப்ரல்-மே தேர்வுத் தேதிகள் வேலை தொடங்கும் முன்பே முடிந்துவிடுவது நல்ல விஷயம். அரியர் பேப்பர், இன்டர்னல், ப்ளேஸ்மென்ட் வாரங்கள் எவை என்பதை ப்ரபோசலிலேயே எழுதிவிடுங்கள். முன்கூட்டியே சொன்ன விடுப்பு பிரச்சினையாவதில்லை. சொல்லாமல் பத்து நாள் மறைவதுதான் ஃபெயிலில் முடியும். அவுட்ரீச்சி இதில் இன்னும் கறார்: வாரம் 30 மணி, கூடவே உங்கள் கல்லூரியின் செமஸ்டர் தேதிகளையும் அகாடமிக் காலண்டரையும் கேட்பார்கள்.

நல்ல ப்ரபோசல்தான், ஆனாலும் வரவில்லை. ஏன்?

ஸ்லாட், அதாவது இடங்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு அமைப்பும் இத்தனை பேர் வேண்டும் என்று கேட்கும், கூகுள் ஒரு எண்ணிக்கை ஒதுக்கும். 2025-இல் 15,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்ததில் தேர்வானவர்கள் சுமார் 1,280 பேர், அமைப்புகள் 185. உங்கள் திட்டத்துக்கு மென்டர் நேரம் ஒதுக்க முடியாமல் போயிருக்கலாம். ஒரே யோசனைக்கு இருவர் எழுதி, மற்றவர் டிசம்பரிலிருந்து அங்கே இருந்திருக்கலாம். ஒரு வாரம் தனியாக விட்டாலும் வேலை நகரும் என்று யார்மேல் நம்பிக்கை வருகிறதோ அவரைத்தான் மென்டர் எடுப்பார். அந்த நம்பிக்கை ப்ரபோசலில் பிறப்பதில்லை, அதற்கு முன் போன பேட்ச்களில் பிறக்கிறது.

எவ்வளவு பணம், எப்படி வரும்?

சம்மர் ஆஃப் கோடில் தொகை நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவுக்குச் சிறிய திட்டம் 750, நடுத்தரம் 1,500, பெரியது 3,000 டாலர். இடைமதிப்பீட்டில் தேறினால் 45%, இறுதியில் 55%. எல்எஃப்எக்ஸில் இந்தியாவுக்கு 3,000 டாலர்.

சம்மர் ஆஃப் கோட் பணம் பேயோனியர் என்ற பணப் பரிமாற்ற நிறுவனம் வழியாக வரும். நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இனிஷியலில். ஆதாரில் ‘கார்த்திக் எஸ்’, பேங்க் பாஸ்புக்கில் ‘எஸ் கார்த்திக்’, பான் கார்டில் அப்பா பெயர் விரிந்து ‘கார்த்திக் சுந்தரம்’ என்று இருக்கும். பேயோனியருக்கு இவை மூன்று வேறு ஆட்கள். சரிபார்ப்பு நிராகரிக்கப்பட்டு, திருத்தி, மறுபடி அனுப்பி என்று வாரங்கள் ஓடும். பான் கார்டில் உள்ளதைப் போலவே பேங்க் கணக்கின் பெயரை மாற்ற கிளையில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். இதை முடிவு வந்த பிறகு செய்யலாம் என்று விடாதீர்கள், பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். அப்பாவோடு கூட்டாக வைத்திருக்கும் கணக்கைவிட உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்கு நல்லது. ரூபாயாக மாற்றும்போது ஒரு பங்கு கட்டணமாகப் போகும். பணம் வந்ததற்கான ரசீதுகளை வருமான வரிக் கணக்குக்காக வைத்திருங்கள். வீட்டுக்குத் தெரிந்த ஆடிட்டர் இருந்தால் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மதிப்பீட்டில் ஃபெயில் ஆவார்களா?

ஆவார்கள். மென்டர் உங்களை மதிப்பிடுவதோடு, நீங்களும் உங்கள் படிவத்தை நிரப்ப வேண்டும். இறுதியில் செய்த வேலையின் இணைப்பையும் சமர்ப்பிக்க வேண்டும். கோடு எல்லாம் மெர்ஜ் ஆகியும் இந்தச் சமர்ப்பிப்பைத் தவறவிட்டால் ஃபெயில்தான். இடைமதிப்பீட்டில் ஃபெயிலானால் திட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

காலேஜில் இன்டர்ன்ஷிப்பாக ஏற்பார்களா? ரெஸ்யூமேயில் ‘கூகுள் இன்டர்ன்’ என்று போடலாமா?

போடக்கூடாது. இது இன்டர்ன்ஷிப் இல்லை என்று கூகுளே சொல்கிறது. அமைப்பின் பெயரோடு ‘சம்மர் ஆஃப் கோட் பங்களிப்பாளர்’ என்று எழுதி, மெர்ஜ் ஆன வேலையின் இணைப்பைக் கொடுங்கள். கிரெடிட் விஷயம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். வேலை தொடங்கும் முன் ஹெச்ஓடி-யிடம் எழுத்தில் கேளுங்கள். முடித்தபின் வரும் சான்றிதழ் போதுமா, மென்டரின் கடிதமும் வேண்டுமா என்பதையும் அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

‘நிச்சயத் தேர்வு’ என்று கோர்ஸ் நடத்துகிறார்களே?

பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்க எங்கும் கட்டணம் கிடையாது. தேர்வான பழைய ப்ரபோசல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைப் படிக்கலாம், நகலெடுக்கக் கூடாது; நகல் பிடிபட்டால் தகுதிநீக்கம்.

சென்னையில் யாரைப் பார்த்துக் கேட்கலாம்?

1998-இலிருந்து இயங்கும் இந்தியன் லினக்ஸ் யூசர்ஸ் குரூப், சென்னை; பைத்தான்காரர்களுக்குச் சென்னைபை; கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களுக்கு எஃப்எஸ்எஃப்டிஎன் (ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் தமிழ்நாடு). சந்திப்புகளுக்குக் கட்டணம் இல்லை, மாணவர் என்று தயங்கவும் வேண்டாம். பாதியில் நிற்கும் பில்டோடு லேப்டாப்பை எடுத்துப்போனால், கேள்வியை மட்டும் கொண்டுபோவதைவிட அதிகம் தேறும். ஹாஸ்டல் வைஃபை கிட்ஹப் எஸ்எஸ்ஹெச்-ஐ (கோடை ஏற்றி இறக்கும் பாதுகாப்பான இணைப்பு) தடுத்தால், எஸ்எஸ்ஹெச்-ஐ 443 போர்ட் வழியாகத் திருப்பலாம், அல்லது ஹெச்டிடிபிஎஸ் முகவரிக்கு மாறலாம்.

இந்த முறை கிடைக்கவில்லை. அடுத்து?

முடிவு வந்த ஒரு வாரம் கழித்து, மென்டரிடம் எது குறைந்தது என்று ஒரு வரியில் கேளுங்கள். பெரும்பாலும் நேர்மையான பதில் வரும். திறந்து கிடக்கும் உங்கள் புல் ரிக்வெஸ்ட்டுகளை முடித்துவிடுங்கள். ரிஜெக்ட் ஆனதும் காணாமல் போகிறவர்களை அமைப்புகள் நினைவில் வைத்திருக்கும், தொடர்கிறவர்களையும் அப்படியே. செப்டம்பரில் தொடங்கும் எல்எஃப்எக்ஸ் சுற்றுக்கான விண்ணப்பம் ஜூலை-ஆகஸ்டில் திறக்கும். சீசன் ஆஃப் கேடிஇ-க்கான அறிவிப்பு ஆண்டிறுதியை ஒட்டி வரும். அதற்குள் அதே ரெப்போவில் இரண்டு மூன்று பேட்ச் சேர்ந்திருந்தால், அடுத்த ப்ரபோசலின் இணைப்புப் பட்டியல் பாதி தயார்.